சமூக மன்றத்தில் ஓவியம் கற்கப் போகிறீர்களா? பணம் கட்டுவதற்கு முன் இதைப் படியுங்கள்

நீர்வண்ணம் பழகலாம் என்ற ஆசை எனக்கு வந்தது ஜனவரியில். ஒழுங்கான வகுப்பில் போய் உட்கார்ந்தது ஜூலையில். நடுவில் ஒரு வகுப்பு ஆள் சேராமல் ரத்தானது. இன்னொன்று முழுக்க முழுக்கச் சீனத்தில் நடந்தது. சாமான் கடையில் கொட்டிய காசில் பாதி வீண். சிங்கப்பூரில் வேலைக்குப் போய்க்கொண்டே, வீட்டையும் பார்த்துக்கொண்டு, வாரத்தில் இரண்டு மணி நேரம் தூரிகை பிடிக்க நினைக்கும் பெரியவர்களுக்காக இதை எழுதுகிறேன். பள்ளிக்கூடத்துக்குப் பிறகு ஒரு கோடுகூட வரைந்ததில்லை என்பவர்களுக்குத்தான் முக்கியமாக.

1. உங்களுக்கு வேண்டியது வகுப்பா, ஒரு மாலைப் பொழுதா?

கடைத்தொகுதிகளில் ‘ஆர்ட் ஜாமிங்’ என்று பலகை போட்டிருப்பார்கள். ஒரு கேன்வாஸ், ஏப்ரன், வேண்டிய மட்டும் அக்ரிலிக் வண்ணம் எல்லாம் தருவார்கள். இரண்டு மூன்று மணி நேரம் உங்கள் பாட்டுக்குத் தீட்டிவிட்டுப் படத்தை எடுத்துக்கொண்டு வரலாம். சொல்லிக்கொடுக்க ஆள் இருக்காது. பிறந்தநாளுக்கு நல்லது, கற்றுக்கொள்ள உதவாது. நான் முதலில் போனது இதற்குத்தான். நாற்பது வெள்ளிக்கு ஒரு சூரிய அஸ்தமனம். இன்னும் அலமாரிக்குப் பின்னால்தான் இருக்கிறது.

தனியார் ஸ்டுடியோக்கள் சிறு குழுவாக எடுப்பார்கள். ஆசிரியர் உங்கள் பக்கத்தில் வந்து நிற்பார். எனக்குச் சொன்ன கட்டணம் ஒரு வகுப்புக்கு 50 முதல் 70 வெள்ளி. பத்து வகுப்பை மொத்தமாக எடுத்தால் விலை குறையும், ஆனால் அந்தத் தொகுப்புக்குக் காலாவதித் தேதி இருக்கும். மூன்று மாதத்தில் பத்து வகுப்பு என்பது கேட்க எளிது. பிள்ளைக்குக் காய்ச்சல், அலுவலகத்தில் கணக்கு முடிக்கும் வாரம், ஊரிலிருந்து மாமியார் வருகை என்று மூன்று வந்துவிட்டால் தீர்ந்தது.

நாஃபா, லசால் கலைக் கல்லூரிகளில் பகுதிநேரக் குறுகிய கால வகுப்புகள் உண்டு. தரம் நல்லது, கட்டணமும் அதற்கேற்ப இருக்கும். அடிப்படை தெரிந்த பிறகு போனால் கொடுத்த காசுக்குப் பலன் தெரியும் என்பது என் எண்ணம்.

முதல் முறை கற்பவருக்குச் சமூக மன்றம்தான் சரி. வீவக வீட்டிலிருந்து நடந்து போகும் தூரம், வாரம் ஒரு முறை, இரண்டு மணி நேரம், எட்டு அல்லது பத்து வாரம். விலையும் குறைவு. இனி எழுதுவதெல்லாம் பெரும்பாலும் அதைப் பற்றித்தான்.

மண்பாண்டம் வனைய ஆசைப்படுகிறவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. செய்த குவளை அன்றே கைக்கு வராது. காய வேண்டும், ஒரு முறை சுட வேண்டும், மெருகுப் பூச்சு பூசி மறுபடி சுட வேண்டும். வாரக்கணக்காகும். சூளைக் கட்டணம் வகுப்புக் கட்டணத்தில் சேர்ந்ததா, தனியா என்று கேட்டுவிடுங்கள். தீபாவளிக்குப் பரிசாகக் கொடுக்கலாம் என்று அக்டோபரில் சேர்ந்து ஏமாறாதீர்கள்.

2. பட்டியலைத் தேடுங்கள், சின்ன எழுத்து வரை படியுங்கள்

மக்கள் கழகத்தின் ‘ஒன்பிஏ’ இணையத்தளத்திலும் செயலியிலும் எல்லாச் சமூக மன்றங்களின் வகுப்புகளும் இருக்கும். தீவு முழுக்க நூற்றுக்கு மேற்பட்ட மன்றங்கள் என்பதால் சும்மா ‘ஆர்ட்’ என்று தேடினால் குழந்தைகள் வகுப்புதான் பக்கம் பக்கமாக வரும். வயது, வட்டாரம், நாள் மூன்றையும் வடிகட்டுங்கள். உங்கள் வீட்டுக்குப் பக்கத்து மன்றத்தோடு நிறுத்தாமல் அலுவலகத்துக்கு அருகில் இருப்பதையும் பாருங்கள். மாலை 7.30 வகுப்புக்கு அலுவலகத்திலிருந்து நேராகப் போவது எளிது. வீட்டுக்கு வந்து உட்கார்ந்துவிட்டால் யார் மறுபடி கிளம்புவது?

ஒவ்வொரு வகுப்பின் பக்கத்திலும் ஒரு வரி இருக்கும்: பயிற்று மொழி. நான் அதைப் படிக்கவில்லை. தலைப்பு ஆங்கிலத்தில் இருந்தது, ‘தொடக்கநிலை நீர்வண்ணம்’ என்று போட்டிருந்தது, கட்டிவிட்டேன். முதல் நாள் போனால் பதினான்கு பேரில் நான் மட்டும்தான் சீனம் தெரியாதவள். ஆசிரியர் நல்ல மனிதர். பாவம், என்னைப் பார்த்ததும் அவருக்குத்தான் சங்கடமாகிவிட்டது. இரண்டு மணி நேரத்தில் நான் புரிந்துகொண்ட ஒரே சொல் ‘ஷுவேய்’, தண்ணீர். என் தாளைக் காட்டிக் காட்டி அதையே சொன்னார். தண்ணீர் கூடவா குறைவா என்றுதான் தெரியவில்லை. பக்கத்து மேசை ஆன்ட்டி கையால் ‘கொஞ்சம்’ என்று காட்டினார்.

ஆனாலும் அன்று ஒன்று கற்றுக்கொண்டேன், அதைக் கடைசி வகுப்பு வரை மறக்கவில்லை. ஆசிரியர் என் பலகையின் மேல்முனைக்கு அடியில் ஓர் அழிரப்பரைச் செருகிச் சாய்த்தார். தூரிகை நிறைய நீலத்தை எடுத்து மேலே ஒரு கோடு இழுத்தார். கோட்டின் கீழ் விளிம்பில் நீர் ஒரு மணிமாலை மாதிரி திரண்டு நின்றது. அது வழிவதற்குள் அடுத்த கோட்டை அந்த நீரைத் தொட்டபடியே இழுத்தார். நீர் ஒரு கோடு கீழே இறங்கியது. இப்படியே அடிவரை. கடைசியில் மிஞ்சிய நீரைப் பிழிந்த தூரிகையால் உறிஞ்சி எடுத்தார். திட்டுத்திட்டாக இல்லாமல் ஒரே சீராக வானம் வந்துவிட்டது. இதற்கு மொழி தேவைப்படவில்லை. ஆனால் எட்டு வாரம் அப்படிப் போக முடியாது, விலகிவிட்டேன். பணம் திரும்ப வரவில்லை, தப்பு என்னுடையது.

தமிழில் கற்க வேண்டும் என்றால் மன்றங்களின் இந்தியர் நற்பணிச் செயற்குழுக்கள் நடத்துவதைக் கவனியுங்கள். ரங்கோலி, தஞ்சாவூர் ஓவியம் போன்றவை அங்கேதான் பெரும்பாலும் வரும், தீபாவளி, பொங்கலை ஒட்டி அதிகமாக. ஒரு நாள் பயிலரங்காகவே நிறைய இருக்கும். கேம்பல் லேனில் உள்ள இந்திய மரபுடைமை நிலையத்தின் நிகழ்ச்சிப் பட்டியலையும் அவ்வப்போது பாருங்கள்.

3. மன்றத்துக்கு ஒரு போன் போடுங்கள்

கட்டுவதற்கு முன் கேட்க வேண்டியவை:

அ. இது புதுக் குழுவா, ஏற்கெனவே ஓடும் குழுவா? பல வகுப்புகள் ஆண்டுக்கணக்காக ஓடுபவை. பெயர் ‘தொடக்கநிலை’ என்றே இருக்கும், உள்ளே இருப்பவர்கள் நான்காவது சுற்றில் இருப்பார்கள். அவர்கள் சாங்கி கடற்கரையைத் தீட்டிக்கொண்டிருக்கும்போது நீங்கள் ஓர் ஆப்பிளோடு மல்லுக்கட்ட வேண்டிவரும்.

ஆ. இதுவரை எத்தனை பேர் சேர்ந்திருக்கிறார்கள், குறைந்தது எத்தனை பேர் வேண்டும்? இந்தக் கேள்வியைத்தான் நான் முதல் முறை கேட்காமல் விட்டேன். குறைந்த எண்ணிக்கை எட்டு, நாங்கள் ஐந்து பேர். தொடங்க மூன்று நாள் இருக்கும்போது குறுஞ்செய்தி வந்தது. அதற்குள் அலுவலகத்தில் செவ்வாய்க்கிழமை மாலைகளை எல்லாம் பேசி மாற்றி வைத்திருந்தேன்.

இ. பொருள்கள் யார் பொறுப்பு? ‘பொருள் கட்டணம் தனி, முதல் வகுப்பில் ஆசிரியரிடம் கொடுக்கவும்’ என்ற வரி பல வகுப்புகளில் இருக்கும். எவ்வளவு என்று அங்கே இருக்காது.

முகப்பில் இருப்பவருக்கு ஓவியம் பற்றித் தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். “ஆசிரியரிடம் கேட்டுச் சொல்ல முடியுமா?” என்று கேளுங்கள். எனக்கு மறுநாளே பதில் வந்தது.

4. செலவு எவ்வளவு? சலுகை எங்கே?

நான் கடைசியில் சேர்ந்த எட்டு வார வகுப்புக்குக் கட்டியது 136 வெள்ளி. பொருளுக்கு 55. போக்குவரத்தைச் சேர்க்காமல் 191. இருநூறு வெள்ளி ஒதுக்கி வைத்துக்கொண்டால் இதைப் போன்ற வகுப்பு ஒன்றைப் பதற்றமில்லாமல் முடிக்கலாம்.

மக்கள் கழகத்தின் உறுப்பினர் அட்டையான பேஷன் (PAssion) அட்டை வைத்திருப்பவர்களுக்குச் சமூக மன்ற வகுப்புகளில் கட்டணம் குறைவு. ஒரு வகுப்புக்காக மட்டும் அட்டை எடுப்பதா என்று யோசிப்பவர்கள் இரண்டு கட்டணத்துக்கும் உள்ள வித்தியாசத்தையும் அட்டைக் கட்டணத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டாவது வகுப்புக்கும் போவோம் என்று தோன்றினால் எடுத்துவிடலாம்.

அரசாங்கச் சிறப்புத்தொகைகள் விஷயத்தில்தான் குழப்பம் அதிகம். தனித்தனியாகச் சொல்கிறேன்.

ஸ்கில்ஸ்ஃபியூச்சர்: திறன் பயிற்சி வகுப்புகளுக்காக அரசாங்கம் கணக்கில் போடும் தொகை இது. 25 வயது நிரம்பிய குடிமக்களுக்குக் கிடைக்கும் முதல் 500 வெள்ளிக்குக் காலாவதி கிடையாது. 2020இல் கூடுதலாகக் கொடுத்த 500 வெள்ளி 2025 டிசம்பர் 31உடன் போய்விட்டது. அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். பொழுதுபோக்குக் கலை வகுப்பு எல்லாவற்றுக்கும் இது செல்லாது. மைஸ்கில்ஸ்ஃபியூச்சர் தளத்தில் அந்த வகுப்பின் பெயர் இருக்க வேண்டும். இருந்தாலும், கோரிக்கையை வகுப்பு தொடங்குவதற்கு முன்பே கொடுத்தாக வேண்டும். ‘முடித்துவிட்டு ரசீதோடு போடலாம்’ என்று இருந்து என் தோழி முழுத் தொகையையும் கையிலிருந்து கட்டினார்.

தேசிய மூத்தோர் கல்விக்கழகம் (நேஷனல் சில்வர் அகாடமி): 50 வயதோ அதற்கு மேலோ உள்ள குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் பல வகுப்புகளில் கட்டணத்தில் பாதி வரை கழிவு உண்டு. அம்மா, அப்பாவுக்குப் பார்ப்பவர்கள் முதலில் இங்கே தேடுங்கள்.

எஸ்ஜி கல்ச்சர் பாஸ்: 2025இல் 18 வயதோ அதற்கு மேலோ உள்ள குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் 100 வெள்ளி. 2025 செப்டம்பர் 1 முதல் 2028 டிசம்பர் 31 வரை செலவழிக்கலாம். அங்கீகரிக்கப்பட்ட உள்ளூர்க் கலை, மரபுடைமை நிகழ்ச்சிகளுக்குத்தான் செல்லும், அவற்றில் பயிலரங்குகளும் உண்டு. முன்பதிவு செய்யும் கட்டத்திலேயே சிங்பாஸ் வழியாக உள்ளே போய் இதைப் பயன்படுத்த வேண்டும். எட்டு வார வகுப்பில் குதிப்பதற்கு முன் ஒரு நாள் பயிலரங்கில் கை நனைத்துப் பார்க்க இந்த நூறு வெள்ளி நல்ல வழி. நிறையப் பேர் இதைத் தொடாமலே வைத்திருக்கிறார்கள்.

5. பதிவு செய்யும் நாள்

கையில் இருக்க வேண்டியவை: அடையாள அட்டை எண், வெளிநாட்டவர் என்றால் ஃபின் எண், சிங்பாஸ் செயலி, நீங்கள் உண்மையாகவே திறந்து பார்க்கும் மின்னஞ்சல் முகவரி, வங்கி அட்டை. அவ்வளவுதான். புகைப்படமோ சான்றிதழோ யாரும் என்னிடம் கேட்கவில்லை. இணையம் வேண்டாம் என்பவர்கள் மன்ற முகப்புக்கே போய்ப் பதியலாம். என் பக்கத்து வீட்டு அண்ணி அப்படித்தான் செய்தார், பத்து நிமிடம்.

சனி, ஞாயிறு காலை வகுப்புகள் சீக்கிரம் நிரம்பும். வார நாள் மாலை கிடைக்கும். தொடங்கும் தேதிக்கு மூன்று நான்கு வாரம் முன்பே பதிவது நல்லது. எல்லாரும் கடைசி நாள் வரை காத்திருப்பதால்தான் எண்ணிக்கை சேராமல் வகுப்பு ரத்தாகிறது என்று முகப்பில் இருந்தவர் அலுத்துக்கொண்டார், நியாயம்தான்.

பணம் கட்டும் முன் எல்லாத் தேதிகளையும் நாள்காட்டியில் குறியுங்கள். நடுவில் பொது விடுமுறை வந்தால் அந்த வாரம் தள்ளிப்போகுமா, விட்டுப்போகுமா என்று பாருங்கள். பள்ளி விடுமுறையில் ஊருக்கு டிக்கெட் போட்டிருந்தால் இப்போதே நினைவுக்கு வரட்டும். ரசீதைத் திரைப்பிடிப்பு எடுத்து வையுங்கள்.

6. பொருள் வாங்குவது: முதல் வகுப்பு முடியும் வரை கடைப்பக்கம் போகாதீர்கள்

ஆசிரியர் பட்டியல் தரும் வரை காத்திருங்கள். பட்டியல் தராமல் ‘அடிப்படைப் பொருள்களோடு வாருங்கள்’ என்றால் மட்டும் கீழே உள்ளதை வாங்குங்கள். இது நீர்வண்ணத்துக்கு.

தாள்தான் முக்கியம். வண்ணத்தில் மிச்சம் பிடியுங்கள், தூரிகையிலும் பிடியுங்கள், தாளில் பிடிக்காதீர்கள். நான் முதலில் வாங்கியது மெல்லிய வரைதாள் புத்தகம். நீர் பட்டதும் தாள் அப்பளம் மாதிரி எழும்பியது. பள்ளத்தில் எல்லாம் நீலம் குளம் கட்டியது, மேட்டில் வெள்ளை. என் கை சரியில்லை என்று இரண்டு வாரம் நினைத்துக்கொண்டிருந்தேன். 300 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைக் காட்டும் எண்), கொஞ்சம் சொரசொரப்பான ‘கோல்ட் பிரெஸ்’ தாள், ஏ4 அளவு கேளுங்கள். ஏ3 வாங்கினால் கூட்டமான ரயிலில் அதைத் தூக்கிக்கொண்டு நிற்பது பெரும்பாடு.

வண்ணம்: மாணவர் தரத்தில் 12 நிற ட்யூப் பெட்டி போதும். பெட்டியில் கறுப்பும் வெள்ளையும் இருக்கும், தொடவே மாட்டீர்கள். வெள்ளை வேண்டிய இடத்தில் தாளை அப்படியே விட்டுவிடுவதுதான் நீர்வண்ணம். சில பெட்டிகளில் ‘ஃபிளெஷ்’ என்று ஒரு வெளிர் ரோஸ் நிறம் வரும். அது நம் யாருடைய தோலுக்கும் பொருந்தாது. பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும் யெல்லோ ஓக்கர் என்ற மண் மஞ்சளும் கலந்து, நிழலுக்கு அல்ட்ராமரீன் நீலத்தைக் கொஞ்சம் சேர்த்தால் என் அம்மாவின் நிறம் வந்துவிட்டது.

தூரிகை: நைலானில் உருண்டை முனை, 6ஆம் எண் ஒன்று, 12ஆம் எண் ஒன்று. பத்துத் தூரிகைக் கட்டு வேண்டாம்.

மற்றவை வீட்டிலேயே உண்டு. இரண்டு பழைய குவளை, சமையலறை டிஷ்யூ, பென்சில், அழிரப்பர், மாஸ்கிங் டேப். கலவைத் தட்டுக்கு ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டு. இரண்டு குவளை ஏன் என்றால் ஒன்று தூரிகை கழுவ, ஒன்று சுத்தமான நீருக்கு. ஒரே குவளையை வைத்துக்கொண்டால் உங்கள் மஞ்சள் எல்லாம் கழனித்தண்ணீர் நிறத்தில் வரும்.

எங்கே வாங்குவது? அவசரத்துக்குப் பாப்புலர் புத்தகக்கடை. நல்ல தாளுக்கும் தூரிகைக்கும் பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸில் உள்ள ஆர்ட் ஃபிரெண்ட். அங்கே போகும்போது பட்டியலோடு போங்கள், பட்டியலில் உள்ளதை மட்டும் எடுத்துக்கொண்டு காசாளரிடம் நடந்துவிடுங்கள். கண் போகிற வழியில் போனால் 55 வெள்ளி 150 ஆகும்.

இன்னொன்று, நம் ஊர் ஈரப்பதம். வகுப்பு முடிந்த அவசரத்தில் கலவைத் தட்டை ஈரத்தோடு மூடிப் பைக்குள் போட்டால் அடுத்த வாரம் திறக்கும்போது பூஞ்சை பூத்திருக்கும். வீட்டுக்கு வந்ததும் திறந்து காயவிடுங்கள்.

7. வகுப்பு தொடங்கிய பிறகு

முதல் நாள் பத்து நிமிடம் முன்னால் போய் ஆசிரியரிடம் ‘நான் முற்றிலும் புதிது’ என்று சொல்லிவிடுங்கள். முன்வரிசையில் உட்காருங்கள். பின்னால் போனால் கை அசைவு தெரியாது, ஓவியத்தில் அதுதானே பாடம். ஆசிரியர் செய்துகாட்டுவதைப் படமெடுக்கலாமா என்று கேளுங்கள். எங்கள் ஆசிரியர் கைபேசியில் எடுக்க அனுமதித்தார். சிலருக்குப் பிடிக்காது.

வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் சேருங்கள். நாள் மாற்றம், அறை மாற்றம் எல்லாம் அதில்தான் முதலில் வரும்.

மூன்றாவது, நான்காவது வாரத்தில் ‘எனக்கு வராது’ என்று தோன்றும். எங்கள் குழுவில் பத்துப் பேரில் மூன்று பேர் அந்த வாரங்களில்தான் காணாமல் போனார்கள். வகுப்புக்கு இடையில் ஒரு தடவையாவது அரை மணி நேரம் வீட்டில் வரையுங்கள். சாப்பாட்டு மேசையில் இருக்கும் வாழைப்பழம் போதும். இலவசமாகக் கூட்டம் வேண்டும் என்றால் அர்பன் ஸ்கெட்சர்ஸ் சிங்கப்பூர் குழுவினர் மாதத்தின் கடைசிச் சனிக்கிழமைகளில் ஏதாவது ஒரு வட்டாரத்தில் கூடி வரைகிறார்கள். யாரும் உங்கள் தாளை எட்டிப் பார்த்து மதிப்பெண் போட மாட்டார்கள். நேஷனல் கேலரியின் பொதுக் காட்சிக்கூடங்களுக்குக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் நுழைவு இலவசம். ஒரு படத்தின் முன் அரை மணி நேரம் உட்கார்ந்து பென்சிலால் கிறுக்கிவிட்டு வாருங்கள்.

8. ரத்தானால், விட்டுப்போனால்

மன்றமே ரத்து செய்தால் பணம் திரும்ப வரும். எனக்கு வர மூன்று வாரம் ஆனது. அதற்குள் வேறு வகுப்புக்குக் கட்ட நினைத்தால் கையில் கொஞ்சம் இருப்பு வேண்டும். ரத்துச் செய்தி வந்த அன்றே பக்கத்து மன்றங்களில் அதே மாதம் தொடங்கும் வகுப்பு உண்டா என்று தேடுங்கள். நான் அலுத்துப்போய் ஒரு மாதம் சும்மா இருந்தேன். அந்த மாதத்தில் இரண்டு வகுப்புகள் தொடங்கிவிட்டன.

நீங்களாக விலகினால் பணத்தை மறந்துவிட வேண்டியதுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவச் சான்றிதழ் இருந்தால் மட்டும் முகப்பில் பேசிப் பாருங்கள். ஒரு வாரம் விட்டுப்போனதற்கு ஈட்டு வகுப்பு சமூக மன்றத்தில் கிடைப்பது அரிது. ஆனால் அதே ஆசிரியர் வேறொரு மன்றத்தில் வேறொரு நாளில் அதே பாடத்தை எடுப்பார். என்னை ஒரு தடவை வியாழக்கிழமைக் குழுவில் வந்து உட்காரச் சொன்னார். கேட்டால்தான் கிடைக்கும்.

9. அடுத்த சுற்றுக்கு

ஆறாவது வாரத்திலேயே ஆசிரியரிடம் கேளுங்கள்: அடுத்த சுற்று எப்போது, ஏற்கெனவே இருப்பவர்களுக்கு முன்னுரிமை உண்டா, எந்தத் தேதி வரை? எட்டாவது வாரம் படங்களை எல்லாம் மேசையில் பரப்பி ஆளாளுக்குப் புகைப்படம் எடுத்துக்கொண்டிருக்கும் சந்தடியில் இது யாருக்கும் நினைவிருக்காது. எங்கள் மன்றத்தில் பழைய மாணவர்களுக்கு ஒரு வாரம் தந்தார்கள். நான் எட்டாவது நாள் பதியப் போனேன். மிச்சம் இருந்தது ஒரே ஓர் இடம், அதுவும் காத்திருப்புப் பட்டியலில்.